கரட்டின் பின்பக்கம்

1

என் தம்பி பிரபுவுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேடையில் ஏற வேண்டியதாயிற்று.

நாங்கள் இருப்பது ஆஸ்திரியாவில், நாலாபக்கமும் மலை சூழ்ந்த ஒரு சிறிய ஊரில். என் கணவர் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தவர். இங்கே வேலை கிடைத்து வந்தபோது மகள் இனியா கைக்குழந்தை. இப்போது பதினாறு வயது. இந்த ஊரில் ஒவ்வோர் ஆண்டும் இலைகள் பழுக்கிற பருவத்தில் மலையேற்றப் படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கும். நகர மண்டபத்தில் திரை கட்டி, ஒரு வாரம் முழுக்கப் பனியும் பாறையும் கயிறுமாக ஓடும். இந்த ஆண்டு அதற்குப் பிரபுவின் படம் தேர்வாகியிருந்தது. ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு கரட்டில், அதாவது மொட்டைப் பாறைக் குன்றில், அவனும் அவன் கூட்டாளி சாதிக்கும் எடுத்த படம். அனுப்பச் சொல்லி மாமாவை நச்சரித்தது இனியாதான்.

விழாக்காரர்கள் அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். பிரபு பெங்களூருக்குப் போய் விரல் ரேகை கொடுத்துவிட்டு வந்தான். பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லை, திரும்பிப் போவார் என்று நம்பப் போதுமான காரணம் இல்லை என்று பதில் வந்தது. கல்யாணம் ஆகாதவன், நிரந்தரமாகாத வேலை. வேறென்ன வரும்?

"பாற ஏற வரேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கக்கா. ஏறிட்டு எறங்கிருவேன்னா அதயும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றான் போனில். சிரிக்கத்தான் சிரித்தான். அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இயக்குநருக்குப் பதிலாக அக்கா உள்ளூரிலேயே இருக்கிறாரே, அவர் வந்து பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும் என்று விழா நடத்தும் பெண்மணி எழுதினார். சரி என்று சொல்லிவிட்டேன். என் ஜெர்மன் காய்கறிக் கடைக்கும் டாக்டரிடம் போவதற்கும் போதும். மேடைக்குப் போதாது.

2

மலையேற்றப் படங்களை நான் விரும்பிப் பார்த்தவள் இல்லை. இனியாவுக்குத் துணையாகப் போய்ப் போய் நிறையப் பார்த்துவிட்டேன்.

அவள் சின்ன வயதிலேயே பாறையேற்றப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். இங்கே பிள்ளைகளுக்கு அது நம் ஊர்க் கிரிக்கெட் மாதிரி. சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும் தமிழ் பேசுகிற பெண் அவள். என்னிடம் பேசுவதைவிட ஓசூரில் இருக்கிற மாமாவிடம்தான் அதிகம் பேசுவாள். அதுவும் கயிறு, கொக்கி, பிடி என்று. மண்டபத்துக்குள் நுழைந்ததும் எங்களை விட்டுவிட்டுத் தன் கூட்டத்தோடு முன்வரிசைக்குப் போய்விடுவாள். திரையில் ஒருவர் விரல் நுனியில் தொங்கும்போது, அவளுடைய முதுகு நிமிர்வது எனக்குப் பின்னாலிருந்து தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் படம் பார்ப்பேன்.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் வீட்டில் இருப்பவர் ஒருவர் சற்று நேரம் வருவார். மனைவியாகவோ அம்மாவாகவோ. சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, "அவர் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். படம் மறுபடியும் மலைக்குப் போய்விடும். எனக்கு அந்தச் சமையலறையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்றிருக்கும்.

உயரத்தைக் காட்டினால் யாருக்கும் வயிறு கலங்கும். அதில் பெரிய திறமை இல்லை. மேலேயிருந்து பறக்கிற கேமரா வந்த பிறகு எல்லா மலையும் ஒரே அஞ்சல் அட்டை போல ஆகிவிட்டது. ஏறுகிறவர் யார், பயந்தால் என்ன செய்வார், பயத்தை மறைக்க யாரைத் திட்டுவார் என்று நமக்குப் பழகிய பிறகு, அவர் கால் லேசாக நழுவினாலே போதும், நம் கை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். நல்ல படங்கள் அதைச் செய்கின்றன. இன்னொன்றும் எனக்கு உறுத்தும். தன்னந்தனியாக ஏறுகிறார் என்று குரல் சொல்லும். அதைப் படம் எடுக்கிறவரும் அங்கேதானே தொங்கிக்கொண்டிருக்கிறார்? அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விழுந்து இறந்துபோனவர்களைப் பற்றிய படங்களில் கடைசிக் காட்சியை எடுத்தவர், அதற்குப் பிறகு எப்படித் தூங்கியிருப்பார்?

3

பிரபு ஒரு தொழிற்சாலையில் தயாரான பாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலையில் இருக்கிறான். சாதிக் அதே கம்பெனிக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸின் டிரைவர். ஷிஃப்ட் முடியக் காத்திருக்கும் நேரத்தில் இருவரும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஒரே போனில் வெளிநாட்டு மலையேற்றப் படங்களைப் பார்ப்பார்களாம். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் லாரிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். பிறகு பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த குழு ஒன்று இவர்களைப் பார்த்துப் பதறிப்போய், சரியான கயிறும் ஹெல்மெட்டும் கொடுத்துக் கற்றும் கொடுத்திருக்கிறது. ஓசூரில் பிரபுவோடு இருக்கும் எங்கள் அம்மாவுக்கு, கிரிக்கெட் என்று சொல்லி வைத்திருந்தான்.

மண்டபத்தில் விளக்கு அணைந்து படம் ஓடத் தொடங்கியதும், எனக்கு முதலில் தெரிந்தது நெடுஞ்சாலை. வரிசையாக லாரிகள். தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகள். அதற்கு இந்தப் பக்கம் தக்காளித் தோட்டம், நிலத்தில் விரித்த பிளாஸ்டிக் தாள் வெயிலில் மின்னுகிறது. நடுவில் கரடு, யானை படுத்த மாதிரி. அதன் அடியில் கொட்டாய் என்று எங்கள் பக்கம் சொல்கிற சிற்றூர், பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான் இருக்கும். அங்கே பறக்கும் கேமரா எதுவும் இல்லை. பிரபு ஒரு கயிற்றில் தொங்கியபடி கையால் எடுத்தது. அவன் எங்கேயும் வருவதில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்கும்.

சாதிக் பிஸ்மில்லா சொல்லித் தொடங்குகிறான். கயிறு வேண்டுமென்றால் கன்னடத்தில் கேட்கிறான், பிடி கிடைக்காவிட்டால் தெலுங்கில் திட்டுகிறான், பாறையிடம் மட்டும் தமிழில் கெஞ்சுகிறான். அரங்கில் சிரித்தார்கள். மொழி தெரியாமலே அவனை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

பாதி ஏறியிருப்பான். ஒரு பெரிய பலகைக்கல்லை அணைத்தபடி நிற்கிறான். அப்போது அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். கேமரா நடுங்குகிறது. பலகைக்கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த விரிசல் கோட்டிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டுகிறது. சாதிக் காதைக் கல்லில் வைக்கிறான்.

"டேய், உள்ளுக்குள்ள இன்னும் கேக்குதுடா."

"எறங்கிரு சாதிக்." பிரபுவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இரு. அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு எறங்கறேன்."

அவன் ஏறிவிட்டான். உச்சியில் நின்று மறுபுறம் பார்க்கிறான். அங்கே என்ன இருக்கிறது என்று படம் காட்டவில்லை. அவன் முகத்தை மட்டும் காட்டிவிட்டு முடிந்துவிட்டது. கைதட்டல் ஓயவே நேரமாயிற்று.

4

மேடையில் முதல் கேள்வியே அதுதான். "நடுவில் கேட்டது இடியா?"

இடி இல்லை, வெடி என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் மொழியில் வெடி வைப்பதற்கு 'ஷ்ப்ரெங்குங்' என்பார்கள். நான் 'ஷ்ப்ருங்' என்று சொல்லிவிட்டேன். அதற்குத் தாவல் என்று பொருள். விரிசல் என்றும் ஒரு பொருள் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. யாரோ தாவியதால் மலை நடுங்கியதாக்கும் என்று அரங்கம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

முன்வரிசையில் இனியா எழுந்து நின்றாள். நான் சொன்னதைத் திருத்தினாள். அதோடு உட்காரவில்லை. "கரட்டின் பின்பக்கம் கல் குவாரி இருக்கிறது. என் மாமா கயிற்றில் தொங்கும்போதே வெடி வைக்கிறார்கள். கீழே வீடுகள் இருக்கின்றன. அந்தக் கல் என்றைக்காவது வந்துவிடும்" என்றாள். வீட்டில் ஒரு முழு வாக்கியம் பேசாதவள். அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யாரோ அதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரபுவை அழைத்தோம். இனியா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, அந்தப் பெரிய கல் நல்லா இல்ல. தட்டினா காலி சத்தம் வருது. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். அதுல ஏறாத."

"சரி கண்ணு, ஏறல" என்றான். பிறகு என்னிடம், "கைதட்டினாங்களாக்கா? ரொம்ப நேரமா?" என்று கேட்டான்.

5

இனியா பேசிய அந்த வீடியோத் துணுக்கை விழாக்காரர்கள் படத்தின் இணைப்போடு தங்கள் தளத்தில் போட்டார்கள். எங்கிருந்தோ யாரோ எடுத்துத் தமிழில் வரிகள் சேர்த்து, 'நம்ம ஊர்ப் பொண்ணு வெளிநாட்டுல என்ன பேசுது பாருங்க' என்று பரப்பிவிட்டார்கள். ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கிரிக்கெட் விஷயம் அப்படித்தான் தெரிந்தது.

சில நாள் கழித்துப் பிரபு வேலை நேரத்தில் அழைத்தான். அவன் அப்படி அழைப்பதில்லை.

"அக்கா, ரெண்டு பேரு வந்தாங்க. கம்பெனி கேட்டுக்கு வெளிய டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தாங்க. படம் பாத்தோம் தம்பி, நல்லா எடுத்திருக்கீங்கன்னாங்க. எனக்கு டீ சொன்னாங்க."

"யாருடா?"

"பேரு சொல்லல. என்னோட பேரு, அம்மா பேரு, எந்த லே-அவுட்டு, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காங்க. இனிமே அந்தப் பக்கம் போவாதீங்க தம்பி, கல்லு வழுக்கும்னாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். சத்தம் போடல, ஒண்ணும் பண்ணல. தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க." பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். "படத்த நெட்லருந்து எடுத்துரச் சொல்லுக்கா. அம்மா தனியா இருக்குது வீட்டுல."

நான் அப்போது துணி துவைக்கும் அறையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் பனிச்சிகரம் பளபளத்தது. இங்கே சாலை ஓரங்களில் கல் விழும் எச்சரிக்கைப் பலகைகள் நிறைய உண்டு. கல் விழுந்தால் தொலைக்காட்சியில் செய்தி வரும், வல்லுநர் வந்து விளக்குவார். கல் வழுக்கும் என்று தோளைத் தட்டிச் சொல்கிறவர்களுக்குப் பலகை கிடையாது.

6

விழா அலுவலகத்துக்கு நேரில் போனேன். அந்தப் பெண்மணி நல்லவர்தான். காபி கொடுத்தார். இயக்குநர்தான் முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும், காரணம் குறிப்பிட வேண்டும், குழு கூடி முடிவெடுக்கும் என்றார். காரணம் குறிப்பிட்டால் அது யார் யாரிடம் போகும் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "இங்கே எல்லாமே வெளிப்படையாக நடக்கும்" என்று ஆறுதலாகச் சொன்னார்.

வீட்டில் இனியா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "தப்பு செய்யறவங்க பயப்படல. நீங்க ஏன் பயப்படறீங்க?" என்று ஜெர்மனில் கேட்டதுதான் கடைசி. அவளுக்கு அங்கே ஒரு தெரு எப்படி இருக்கும், அதில் ஒரு பைக் மெதுவாகப் போனால் என்ன அர்த்தம் என்று எப்படிச் சொல்வது? அவள் அப்பா, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, நான் சாதிக் பேசறேன். பஸ் ஓட்டற சாதிக்."

படத்தில் அவ்வளவு நேரம் பார்த்த முகம். பேசுவது அதுதான் முதல்முறை. குரல் படத்தில் இருப்பதைவிட மென்மையாக இருந்தது.

"படத்த எடுக்கச் சொல்லாதீங்கக்கா. பிரபு பயப்படறான், அது நாயந்தான். ஆனா அந்தக் கொட்டாயில கடைசி வீடு எங்கம்மாவோடதுங்க."

"நீங்க அதச் சொல்லவே இல்லையே."

"படத்துல எதுக்குன்னு விட்டுட்டேன். நான் சும்மா ஏறலீங்க. வெடி வைக்க வைக்கக் கோடு எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு மேல இருந்துதான் தெரியும். வாரா வாரம் போயிப் பாக்கறேன். முன்னாடி கை நொழையாது. இப்ப நொழையுது."

"உங்களையும் வந்து பாத்தாங்களா?"

"பஸ்ஸுக்குள்ளயே ஏறி உக்காந்தாங்க. ஓசூர் வரைக்கும் வந்தாங்க. ஒண்ணும் பேசல. எறங்கும்போது டிரைவரு பாத்து ஓட்டுங்கன்னாங்க." சிரித்தான். "படம் இருக்கற வரைக்கும் எங்க மூஞ்சி நாலு பேருக்குத் தெரியும்கா. நாளைக்கு எங்களுக்கு எதாச்சும் ஆச்சுன்னா, யாருன்னு கேப்பாங்க. எடுத்துட்டா நாங்க யாருமே இல்ல."

நான் பிரபுவிடம் அதை அப்படியே சொன்னேன். முடிவு உன்னுடையது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், இவ்வளவு தூரத்திலிருந்து? இரண்டு நாள் அவன் அழைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி அனுப்பினான். 'இருக்கட்டும்கா.'

7

படம் பரவியதாலோ என்னவோ அதிகாரிகள் வந்து கரட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெடிச்சத்தம் நின்றது. கொட்டாய்க்காரர்கள் நிம்மதியானார்கள். சாதிக் ஆகவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும், வரமாட்டேன் என்று அழுத அம்மாவைக் கட்டாயப்படுத்தி ஓசூரில் ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆடுகளை மட்டும் பக்கத்து வீட்டில் விட்டு வந்தார்கள்.

நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு வெயில் அடித்த ஒரு காலையில் பலகைக்கல் இறங்கிவிட்டது. அன்றைக்கு யாரும் வெடி வைக்கவில்லை. யாரும் ஏறவுமில்லை. கொட்டாய் ஆட்கள் தக்காளி பறிக்கப் போயிருந்தார்கள். சாதிக் அம்மாவின் வீட்டில் பின்சுவர் ஒன்றுதான் மிச்சம். பக்கத்துத் தொழுவத்தில் கட்டியிருந்த ஆடுகள் ஒன்றும் தப்பவில்லை.

இனியாவிடம் சொன்னேன். அவள் சொன்னதுதான் நடந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து என் அருகில் வந்து உட்கார்ந்து, தமிழில், "அந்தப் பாட்டி ஆட்டுக்கெல்லாம் பேரு வச்சிருந்தாங்களாம்மா?" என்று கேட்டாள்.

8

மார்கழியில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். பிரபுவும் சாதிக்கும் என்னைக் கரட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

கறுத்த பாறையில் பலகைக்கல் உரிந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது, தோல் வழன்ற காயம் மாதிரி. அவர்கள் ஏறிய வழி இப்போது இல்லை. அரங்கத்தில் கைதட்டியவர்கள் பார்த்த ஒவ்வொரு பிடியும் கீழே சுக்குநூறாகக் கிடந்தது. சாதிக் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான்.

மண்பாதையில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவர் இறங்கி வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் குங்குமம், நல்ல சிரிப்பு. கோயில் விழாவில் பந்தியில் பரிமாறுகிறவர் போல இருந்தார். பிரபுவின் முகம் போன போக்கிலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வணக்கங்கக்கா. எப்ப வந்தீங்க?"

"போன வாரம்" என்றேன். ஏன் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பாப்பா வரலீங்களா?"

"பரீட்சை."

"படிக்கற புள்ள, படிக்கட்டும்." கரட்டை அண்ணாந்து பார்த்தார். "சனிக்கெழம ஆனா அங்க மலைக்குப் போவுது போல. போட்டோவெல்லாம் போட்டிருக்குது, பாத்தோம். ரொம்ப ஒசரமா இருக்குதுங்க. கயிற நல்லாப் பாத்துக் கட்டிக்கச் சொல்லுங்க. சின்ன வயசு."

இவ்வளவு கடல் தாண்டி, இவ்வளவு தூரத்தில் அவளைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்கு அவள் எந்தக் கிழமை எங்கே இருப்பாள் என்று தெரிந்திருந்தது.

பிரபு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். எந்தப் படத்திலும் தன் முகத்தைக் காட்டாதவன் நேராக அவர் முன்னால் போய் நின்றான். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். 

"அண்ணா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. பதிவாகல."

சாதிக் வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டான். அவர் இருவரையும் பார்த்தார், போனைப் பார்த்தார். சிரிப்பு மாறவே இல்லை. திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். தூசி அடங்கும்வரை பிரபு போனை இறக்கவில்லை.

அன்று மாலை கரடு அமைதியாக இருந்தது. அடுத்த நாள் காலையில் பின்பக்கத்தில் மறுபடி வெடி வைக்கத் தொடங்கினார்கள். சாதிக் போன் செய்து சொன்னபோது நான் பெங்களூர் விமான நிலையத்தில், பெட்டிகளைப் போட்டுவிட்டு உள்ளே போகும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.